மூன்று கடை விலை

ஜனவரி 9

பண்டிதைக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறோம். காகிதம் என்றால் கெட்ட வார்த்தையை அடித்துவிட்டாவது அனுப்பலாம். அதனால் இந்த வழக்கமே இருக்கட்டும்.

ஒரு வேலை இருக்கிறது. எங்கள் அலுவலகம் ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டு அட்டவணை போடுகிறது என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை என் மேசைக்கு வந்த ஜோடி, நான் இருக்கும் ஊரும் நம் ஊரும். அங்கே விலை சேகரித்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் படிவம் வர வேண்டும். சொந்தக்காரர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நீ வாயைத் திறக்காமல் இருந்தால் விதிக்கும் காது கேட்காது.

எண்பத்து நாலு கேள்வி. முட்டை, ரொட்டி, செருப்பு, முடிவெட்டு, பஸ் பாஸ், டாக்டர் கட்டணம், இரண்டு அறை வீட்டு வாடகை. கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைத் தரம்: தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, பூங்கா எத்தனை நிமிட நடை, இப்படி. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடை விலை கேட்டு, கடைப் பெயரோடு எழுத வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் பதிவு செய்யாமல் என் மேசைக்கே திருப்பிவிடுவார்கள்.

உனக்கென்ன கஷ்டம்? அந்த ஊரில் மொத்தமே மூன்று கடைதானே. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். இங்கே என் பால்கனியில் நின்றாலே கீழே எட்டுக் கடை தெரிகிறது.

அம்மா இங்கே வந்து இருப்பதைப் பற்றி மறுபடியும் கேட்டால், லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை என்று சொல்.

அக்கா

~

ஜனவரி 27

அக்காவுக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. நீ சொன்ன அந்த மூன்று கடைகளின் விலையைத்தான் எழுதியிருக்கிறேன்.

நீ கிளம்பிப் போன அன்று, ஒரு கால் பஸ் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்று ஒன்று சொன்னாய். "இங்கயே கிடந்தா நானும் உன்னை மாதிரி ஆயிடுவேன்." உன்னை மாதிரி என்றால் எந்த மாதிரி என்று மூன்று வருடமாக யோசித்திருக்கிறேன். இந்தப் படிவம் வந்தது நல்லதாகப் போயிற்று. எண்பத்து நாலு கட்டங்களில் எழுதித் தந்திருக்கிறேன். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேப்புக்குப் பன்னிரண்டு நிமிட நடை. நாலு மணிக்கு வேலை முடிந்தால் நாலரைக்குக் கையில் புத்தகம். குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர். உன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறேன். யார் வாழ்கிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்று உன் அலுவலகமே கூட்டிக் கழித்துச் சொல்லட்டும்.

கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்தது. "உங்கள் குடும்பத்தில் ஒருவரை இந்த ஊரில் வந்து வாழச் சொல்வீர்களா?" ஆம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

லிஃப்ட் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "ரிப்பேர் லிஃப்ட்டுக்கா, அவ மனசுக்கா?" என்று கேட்டாள்.

தங்கை

~

மே 14

மதிப்புக்குரிய ஆய்வு அலுவலர் அவர்களுக்கு,

இன்று காலை எங்கள் லேப் நோட்டீஸ் போர்டில் உங்கள் மேலான உழைப்பின் பலன் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் இருக்கும் ஊரிலும் கிளை உண்டு என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அடிப்படைச் சம்பளத்துக்கு மேல், ஊருக்குத் தகுந்த மாதிரி எங்களுக்கு ஊர்ப்படி என்று ஒன்று தருவார்கள். அது இந்த மாதம் முதல் பாதியாகிறது. "சுயேச்சையான நிறுவனம் நடத்திய ஒப்பீட்டின்படி இவ்வூரில் வாழ்க்கைச் செலவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு." கீழே அட்டவணை. அதன் கீழே உன் அலுவலக முத்திரை.

முப்பத்தொன்றாவது வரி: இரண்டு அறை வீட்டு வாடகை, நானூறு. இந்த ஊரில் நானூறுக்கு இருப்பது ஒரே ஒரு வீடு. அதில் நான் குடியிருக்கிறேன்.

என் பக்கத்தில் ஊசிக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். லேப்பில் ரத்தம் எடுப்பவள், இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவள் பெயரே எல்லோருக்கும் மறந்துவிட்டது. அவள் அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"நானூறாம்! எங்கடி இருக்கு அந்த வீடு? சொல்லு, இப்பவே போய் அட்வான்ஸ் குடுத்துட்டு வரேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"டாக்டர் ஃபீஸ் பூஜ்யமாம். செத்தவனுக்குக்கூட இங்க பில்லு போடுறான். எந்தக் கழுதை எழுதிக் குடுத்துச்சோ, அது கையில கொப்புளம் வர!"

நானும் சிரித்தேன், அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வாடகை, நான் நடக்கும் தூரம், என் குளியலறைக் குழாய் எல்லாம் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் குண்டூசியால் குத்தப்பட்டிருக்கின்றன. யார் வீடு என்று தெரியாமல் நாற்பது பேர் அதைப் பார்த்துக் காறித் துப்புகிறார்கள்.

நீ ஒப்பீடு என்றுதான் சொன்னாய். எங்கள் சம்பளத்தை வெட்டும் கத்தி என்று சொல்லவில்லை. என் கையாலேயே அதைத் தீட்டி வாங்கிக்கொண்டாயே!

தங்கை

~

மே 22

கையில் கொப்புளம் வந்த கழுதைக்கு,

உன் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தக் கையெழுத்து யாருடையது?

டாக்டர் கட்டணம் பூஜ்யம் என்று எழுதியது நானா? நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் உனக்குச் சும்மா பார்க்கிறார்கள். ஊருக்கா சும்மா பார்க்கிறார்கள்? வாடகை நானூறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்த பாசத்தில், வீட்டுக்கார அத்தை ஒன்பது வருடமாக வாடகையை ஏற்றவில்லை. அதற்குப் பெயர் வாடகை இல்லை, சிநேகிதம். பூங்கா ஐந்து நிமிட நடை. அதைத் தகரம் அடித்து மூடி இரண்டு வருடமாகிறது என்று நீயேதான் எனக்கு எழுதினாய். தகரத்தைப் பார்க்கப் போய் வரவா ஐந்து நிமிடம்?

நான் கேட்டது விலை. நீ அனுப்பியது வீம்பு. அதற்குத் தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தால் அதில் எழுதியிருக்கலாம்.

எந்த அட்டவணை எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு எண் மட்டும்தான் வரும். உன் ஆஸ்பத்திரி என்று தெரிந்து செய்தேன் என்று நீ நினைத்தால், அப்படியே நினைத்துக்கொள். என்னைப் பற்றி நல்லதாக நினைப்பது உனக்கு எப்போது வழக்கம்?

மூன்றில் ஒரு பங்கில் மகாராணி மாதிரி வாழ்கிறேன் என்று எழுதினாயே. இப்போது இன்னும் கொஞ்சம் குறைச்சலில் வாழ்ந்து காட்டு.

அக்கா

~

மே 30

அக்காவுக்கு,

உன் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படித்தால் கிழித்துவிடுவேன் என்று மடித்து வைத்துவிட்டேன்.

சரி. எழுதியது நான்தான். ஒரே சாயங்காலம், சமையலறை மேசையில், ஒரு கடைக்கும் போகாமல் எழுதினேன். அதைப் படிவமாக நினைத்து நான் எழுதவே இல்லை. பஸ் படியில் நின்று நீ சொன்ன வாக்கியத்துக்குப் பதிலாகத்தான் எழுதினேன். ஒவ்வொரு கட்டத்திலும் உன் முகம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் நாற்பது பேர் நிற்பது தெரியவில்லை. இது என் தப்பு. இதை உனக்காக ஒரு எழுத்துகூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது நீ பதில் சொல். கடைப் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதியிருந்தேன்? முனைக்கடை. முனைக்கடைக்கு எதிர்க்கடை. அதற்குப் பக்கத்துக் கடை. முட்டைக்கும் செருப்புக்கும் முடிவெட்டுக்கும் அதே மூன்று. முனைக்கடைக்கு எதிரே என்ன இருக்கிறது, அக்கா? டிரான்ஸ்ஃபார்மர். பதினோரு வயதில் அதன் கம்பி வேலியில் மாட்டி உன் சட்டை கிழிந்தது. நான்தான் கிழித்தேன் என்று அம்மாவிடம் சொன்னாய். டிரான்ஸ்ஃபார்மரிலா முட்டை விற்கிறார்கள்? வேறு யார் பார்த்திருந்தாலும் ஏமாந்திருக்கலாம். நீ அந்தத் தெருவில் வளர்ந்தவள். நோட்டீஸ் போர்டில் அட்டவணைக்கு அடியில், "மூன்று கடை விலையும் சரிபார்க்கப்பட்டது" என்று உன் முதலெழுத்து இருக்கிறது. தெரிந்தே போட்டாய். ஏன்?

ஊசிக்காரம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டாள். காலையில் வேலைக்கு வருவதற்கு முன்னால், வேறொரு லேப்புக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறாள். ஒன்பது மணிக்கு எங்களிடம் வரும்போதே பாதி உயிர் போயிருக்கும். நேற்று ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தடவை குத்தினாள். மூன்றாவது தடவைக்கு ஊசியை என்னிடம் நீட்டினாள். "நீ எடு கண்ணு. இது என் கை இல்ல." இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவள் வாயிலிருந்து கேட்காத வார்த்தை. நான் எடுத்தேன். அதற்குப் பிறகு சோதனைக் குழாய்களில் பெயர் ஒட்டும் சாக்கில் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அட்டவணையைத் திரும்பப் பெறு. எப்படி என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

தங்கை

~

ஜூன் 8

பண்டிதைக்கு,

திரும்பப் பெற வழி இருக்கிறது. விலை சேகரித்தவர், தான் எழுதியது பொய் என்று கையெழுத்துப் போட்டு, சரியான விலையோடு புதுப் படிவம் தர வேண்டும். சரிபார்த்தவர், தான் சரிபார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு சேகரித்தவர் யார், எப்படி வந்தார் என்று விசாரிப்பார்கள். தங்கை என்று தெரிந்த நிமிடம் என் நாற்காலி போய்விடும். அதனால் மாட்டேன்.

ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டாய். டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. திருப்பி அனுப்பத்தான் எடுத்தேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பால்கனி இல்லை. வீடே இல்லை. ஓர் அறையில் நாலு கட்டில். அதில் கதவோரக் கட்டில் என்னுடையது. அதற்குத்தான் சம்பளத்தில் பாதி போகிறது. மீதி மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். எவளாவது ஒருத்தி வரும்போதோ போகும்போதோ கதவு என் காலில் இடிக்கும். பதினோரு பேருக்கு ஒரு கழிப்பறை. தண்ணீர் ஒரு மணி நேரம். வேலைக்குப் போக ஒன்றே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணி, நின்றுகொண்டே. லிஃப்ட் பழுதாகவில்லை. பழுதாவதற்கு முதலில் லிஃப்ட் இருக்க வேண்டும்.

உன்னைவிட மூன்று மடங்கு வாங்குகிறேன். மாதக் கடைசியில் என் கையில் நிற்பது உன் கையில் நிற்பதைவிடக் குறைவு. ஊரார் செலவையெல்லாம் ஒப்பிட்டுச் சொல்வதுதான் என் தொழில். என்னுடையதை மட்டும் எந்த அட்டவணையிலும் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் படிவத்தில் நீயும் அம்மாவும் நன்றாக இருந்தீர்கள். தண்ணீர், பூங்கா, நாலரை மணிப் புத்தகம். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் மேல் முத்திரை விழுந்துவிட்டால் உண்மையாகிவிடும் போலிருந்தது. "அவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள், அம்மாவை நீ அழைத்துக்கொள்ளாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது" என்று யாரோ எனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. போட்டுவிட்டேன்.

இந்த வேலை போனால் இந்தக் கட்டிலும் போகும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. கையெழுத்து மட்டும் கேட்காதே.

அக்கா

~

ஜூன் 21

அக்காவுக்கு,

நான் உருகிப்போவேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தாய். கோபம் இரண்டு மடங்காகியிருக்கிறது.

மூன்று வருடம்! அந்தப் பால்கனியில் போட்டு உட்கார அம்மா ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறாள், தெரியுமா? பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் என் புத்தக அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. புத்தகம் எடுக்கும்போதெல்லாம் என் முழங்கையில் இடிக்கும். ஒவ்வொரு இடியிலும் உன் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். இல்லாத பால்கனிக்காக! அந்தப் பொறாமையில்தான் நான் அந்தப் படிவத்தையே எழுதினேன். நீ ஒரு பொய் சொல்ல, அதை நம்பி நான் ஒரு பொய் சொல்ல, அதன் மேல் நீ கையெழுத்துப் போட, ஊசிக்காரம்மாவுக்கு வீடு போயிற்று.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். மன்னிப்புக் கேட்க மாட்டேன். முடித்ததும் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில், "லைன்ல இருக்காளா?" என்றாள்.

"இது லெட்டர்மா."

"தெரியும்டி. இருந்திருந்தா நல்லா நாலு கேட்டிருப்பேன். பால்கனியாம், எட்டுக் கடை தெரியுதாம். இவ கண்ணுல கொள்ளி." எழுந்து போய், பாதி வழியில் திரும்பி வந்தாள். "கட்டில் எந்தப் பக்கம்னு எழுதியிருக்கா?"

"கதவுப் பக்கம்."

"கதவுப் பக்கம் படுத்தா அவளுக்குத் தூக்கமே வராதே."

மறுநாள் லேப்பில் எல்லோரையும் நிற்க வைத்து, அந்தக் கழுதை நான்தான் என்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து இடைவேளையில் நான் தனியாகத்தான் டீ குடிக்கிறேன். ஊசிக்காரம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு எதுக்கு வயிறு எரியுது தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி. இந்த ஊர்ல எந்தக் கடையில எது என்ன விலைன்னு எனக்கு மனப்பாடம். உனக்கு என்ன தெரியும், புத்தகத்துல போட்டிருக்கிறதைத் தவிர?"

"வாங்க, இப்ப கேக்கறேன்."

"வராம? உன்னைத் தனியா விட்டா மறுபடியும் பூஜ்யம் போட்டுட்டு வந்து நிப்ப."

ஒரு வாரம் போனோம். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கடை, மூன்றும் வேறு வேறு தெரு. அவள் விலை கேட்பாள், நான் எழுதுவேன். நான் பேனாவை நிறுத்தினால் முழங்கையால் இடிப்பாள். இரண்டு அறை வீடு ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூற்றைம்பது, ஆயிரத்து நானூறு. மூன்றாவது வீட்டில் சமையலறையில் சன்னல் இல்லை. என் வீட்டுக் குழாயில் எப்போதும் தண்ணீர் வருவது அத்தை வீட்டுக் கிணற்றால். அடுத்த தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பூங்கா இல்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். இதில் பாதித் தெருவை இப்போதுதான் பார்த்தேன். என் அறையையும் லேப்பையும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு நிமிடத்தையும் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதுப் படிவம் இத்துடன். முன்பு எழுதியது பொய் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதை உன் மேலதிகாரிக்கே நேராக அனுப்பியிருக்கலாம். ஊசிக்காரம்மா அப்படித்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. போன தடவை தெரிந்தே கையெழுத்துப் போட்டாய். இந்தத் தடவையும் தெரிந்தே போடு, அல்லது தெரிந்தே கிழி.

தங்கை

~

ஜூலை 4

பண்டிதைக்கு,

ஒன்பது நாள் உன் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். பத்தாம் நாள் கொடுத்துவிட்டேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. ஊசியை உன்னிடம் நீட்டினாளே, அது பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வந்தது.

மேலதிகாரி இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தம்மா உங்களுக்கு யாரு?"

"தங்கச்சி சார்."

"சொந்தத் தங்கச்சியா?"

"பொய் எழுதியிருக்கிற அழகைப் பார்த்தா தெரியலையா சார்?"

அவர் சிரிக்கவில்லை. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதியோடு என் வேலை முடிகிறது. அட்டவணையைத் திரும்பப் பெற்று உன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போய்விட்டது. வேறொரு ஆள் வந்து எல்லாவற்றையும் சரிபார்க்கும் வரை பழைய ஊர்ப்படியே தருவார்கள். இரண்டு மாதமாக வெட்டியது திரும்ப வராது. அதை ஊசிக்காரம்மாவிடம் நீயே சொல். எனக்கு அவளை முதல் தடவையாகப் பார்க்கும்போது வேறு பேச்சு வேண்டும்.

இன்னொரு விஷயம். பதிவு செய்யும் பெண் உன் படிவத்தை என் மேசைக்குத் திருப்பிக் கொண்டு வந்தாள். "ஒரு கட்டம் காலியா இருக்கு மேடம்."

எண்பத்து நாலு. போன தடவை ஆம் என்று எழுதி இரண்டு கோடு போட்ட இடம். மற்ற எண்பத்து மூன்றுக்கும் மூன்று கடை ஏறி இறங்கியவள், இதை மட்டும் மறந்துபோய் விட்டிருக்க மாட்டாய். காலியாக விட்டால் யார் மேசைக்குத் திரும்பும் என்று உனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் நானே அதை உனக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வியை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, யாரும் படிப்பதும் இல்லை. ஆனால் அது நிரம்பாமல் படிவம் பதிவாகாது. அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். அவள் பேனாவை வாங்கி நானே எழுதினேன். அடியில் கோடு ஒன்றும் போடவில்லை.

பதினாறாம் தேதி மத்தியான பஸ்ஸில் வருகிறேன். கோபம் தணிந்து வருகிறேன் என்று நினைக்காதே. என் கடிதத்தை நீ அம்மாவிடம் படித்ததற்குத் தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அது காகிதத்தில் சரிப்படாது. பஸ் படியில் நின்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு படிவம் இருந்தால் எடுத்து வை. இரண்டு கையெழுத்தும் நானே போடுகிறேன்.

அந்த மடக்கு நாற்காலியை வெளியே எடுத்து உறையைப் பிரி. அந்த இடத்தில் என் டிரங்குப் பெட்டியை வைக்க வேண்டும். கதவுப் பக்கம் படுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

பெட்டி கனம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வண்டிக்கு எவ்வளவு கேட்பான்? மூன்று பேரிடம் கேட்டு எழுது.

அக்கா